பழைய மஹிந்திரா தார் ஜீப்புல பின்னாடி ஸ்பிரிங் பட்டை திரும்பத் திரும்ப ஏன் உடையுது

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன், கூடப் போட்டிருந்த நாலு போட்டோவையும் பெருசாக்கிப் பாத்தேன். நடந்தது இதுதான்னு புரிஞ்சுக்கிட்டேன்: 2016 மாடல் பழைய தார், ஆறு பேரு, மேல கேரியர்ல லக்கேஜ், சின்னமனூர்ல இருந்து மேகமலை ஏறி ஹைவேவிஸ் தாண்டி இரவங்கலாறு போற கல்லு ரோட்டுல ஒரு பள்ளத்துல இறங்கும்போது பின்னாடி இடது பக்கம் டமார்னு சத்தம், வண்டி அந்தப் பக்கம் உக்காந்துருச்சு. நைலான் கயித்தக் கட்டி மெதுவா மலை இறங்கி வந்து ஒரு பட்டறைல மெயின் பட்டைய மட்டும் மாத்தியிருக்கீங்க, மூணு வாரத்துல 800 கிலோமீட்டர் ஓடினதும் அதே பட்டை அதே இடத்துல மறுபடி போயிருச்சு, இப்ப வண்டி வலது பக்கம் இழுக்குது. எந்தக் கம்பெனி பட்டை நல்லது, இல்ல வண்டிய ஒசத்துற மூணு இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டுறலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா உங்க மனசுல ஓடுற கேள்வி வேறன்னு நெனைக்கிறேன். புதுப் பட்டை போட்டும் ஏன் அதே இடத்துல உடையுது, இனிமே குடும்பத்த ஏத்திக்கிட்டு இந்த வண்டில மலைக்குப் போலாமா, அதுதான? அதுக்குத்தான் பதில் எழுதறேன், கம்பெனிக்கு கடைசில ஒரு வரி போதும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடிச்சுட்டு தேனி பக்கம் பட்டறைல 22 வருஷமா இந்த அண்டர்சேஸ் வேலைதான் பாக்கறேன், எஸ்டேட் ஜீப்பு, லோடு வண்டி, டிரெய்லர், எல்லாத்துலயும் பட்டை கட்டு பிரிச்சு மாட்டியிருக்கேன். உங்க வண்டிய நேர்ல பாக்கல, அதனால எது உறுதி, எது போட்டோவ வச்சு என் ஊகம்னு பிரிச்சே சொல்லிடறேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கணும். பழைய தார்ல, அதாவது 2010ல இருந்து 2020 வரைக்கும் வந்த வண்டில, பின்னாடி இருக்கிறது லீஃப் ஸ்பிரிங் பட்டை கட்டு, அதாவது ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கின இரும்புப் பட்டைங்க, மேல இருக்கிற நீளமானதுதான் மெயின் பட்டை. நெறைய பேரு பட்டைன்னா குலுக்கல தாங்கறதுக்குன்னு மட்டும் நெனைக்கறாங்க. அது பாதி வேலைதான். ஹவுசிங்க, அதாவது ரெண்டு பின் வீலையும் சேக்குற அச்சுக் கூட்ட, அதோட இடத்துல பிடிச்சு வச்சிருக்கிறதும் இந்தப் பட்டைதான், வேற ஒரு கம்பி கெடையாது, லிங்க் கெடையாது. டயரு ரோட்டத் தள்ளுற விசை வண்டிய முன்னாடி நகத்தணும்னா அது ஹவுசிங்ல இருந்து மெயின் பட்டையோட முன் பாதி வழியா, வண்டியோட அடிச்சட்டமான சேஸ்ல இருக்கிற முன் பிராக்கெட்டுக்குப் போயித்தான் ஆகணும், பிரேக் அடிக்கும்போது அதே பாதை வழியா இழுவையா வரும். பின் பாதி ஷேக்கிள்ங்கற ஆடுற இணைப்புல ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கு, அது எடையத்தான் சொமக்குது, முன்ன பின்ன எதையும் பிடிக்காது. அதனால பின் பாதில உடைஞ்சா வண்டி உக்காரும், ஓரளவு ஓட்டிட்டு வந்துறலாம். முன் பாதில உடைஞ்சா ஹவுசிங்குக்கு அந்தப் பக்கம் கடிவாளமே இல்லாம போயிரும். சில பட்டை கட்டுல ரெண்டாவது பட்டையோட நுனிய மெயின் பட்டை வளையத்துக்கு மேல சுத்தி விட்டிருப்பாங்க, அது இருந்தா கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். உங்க போட்டோல அந்தப் பக்கம் சேறு மூடியிருக்கு, தெரியல.

இப்ப உடைஞ்ச துண்டுக்கு வர்றேன். நாலு போட்டோல ரொம்ப முக்கியமானது அந்த மூணாவதுதான், முதல் தடவ உடைஞ்ச பட்டைய கைல வச்சு எடுத்தது. உடைஞ்ச முகத்தப் பாருங்க, ஒரு பாதி காப்பிப்பொடி கலர்ல துருப்பிடிச்சு வழவழன்னு இருக்கு, மீதி வெள்ளி மாதிரி மின்னுற சொரசொரப்பு. அந்தப் பழுப்புப் பாதி மேகமலைல உடைஞ்சதே இல்ல, அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு தண்ணி பூந்து துருவேறி இருந்தது. மிச்சம் இருந்த வெள்ளிப் பாதிதான் அன்னைக்கு அந்தப் பள்ளத்துல போச்சு. இதுல எனக்கு சந்தேகமே இல்ல. எத்தன மாசமா விரிசல் இருந்துச்சுன்னு போட்டோ பாத்து சொல்ல முடியாது, ஆனா அன்னைக்கு ஓட்டுன விதத்துல தப்பு பண்ணிட்டோமோன்னு நீங்க வருத்தப்பட்டு எழுதியிருக்கீங்க, அந்த வருத்தம் வேண்டாம். அந்தப் பள்ளம் இல்லேன்னா அடுத்த ஸ்பீடு பிரேக்கர்ல உடைஞ்சிருக்கும்.

அடுத்தது உடைஞ்ச இடம். ரெண்டு தடவையும் சரியா சென்டர் போல்ட் ஓட்டை வழியா உடைஞ்சிருக்கு. இங்கதான் விஷயமே இருக்கு தம்பி. பட்டை கட்டுல நடுவுல ஹவுசிங்கோட சேத்து இறுக்கிப் பிடிக்கிறது யூ போல்ட்டு ரெண்டும். சென்டர் போல்ட்டு பட்டைங்கள வரிசையா நிக்க வைக்கிறதுக்கும், அதோட தலை ஹவுசிங் சீட்டு குழில உக்காந்து இடம் காட்டறதுக்கும்தான், பாரம் தாங்கறது அதோட வேலை இல்ல. யூ போல்ட்டு நல்லா இறுக்கமா இருந்தா அந்த ரெண்டு யூ போல்ட்டுக்கு நடுவுல பட்டை வளையவே வளையாது, கல்லு மாதிரி நிக்கும், வளைவு எல்லாம் யூ போல்ட்டுக்கு வெளில இருந்துதான் ஆரம்பிக்கும். யூ போல்ட்டு தளர்ந்தா நடுப்பகுதியும் வளைய ஆரம்பிக்கும், நடுவுல ஓட்டை போட்டிருக்கிறதால பட்டைல அதுதான் பலவீனமான இடம், அங்கதான் விரிசல் விடும். அதனால ஓட்டைல உடைஞ்ச பட்டை ஒண்ணு என் கைக்கு வந்தா நான் முதல்ல பாக்கறது யூ போல்ட்டத்தான். யூ போல்ட்டுக்கு ஒட்டி வெளில உடைஞ்சிருந்தா ஓவர் லோடு, இல்ல 4எல் (நாலு வீலும் இழுக்குற லோ கியர்) போட்டு ஃபர்ஸ்ட் கியர்ல டக்குனு கிளட்ச விட்டு ஏத்துனது மாதிரி முறுக்கு அடி. நுனி வளையத்துகிட்ட உடைஞ்சிருந்தா வளையத்துக்குள்ள இருக்கிற ரப்பர் புஷ்ஷு இறுகிப்போய் திரும்பல, இல்ல ஷேக்கிள் நட்ட ஜாக்கில தொங்கவிட்டே டைட் பண்ணியிருக்காங்க. பட்டைங்கள கோத்து வச்சிருக்கிற கிளிப்புக்கு அடில உடைஞ்சிருந்தா துரு அரிப்ப சந்தேகப்படுவேன். இது நூத்துக்கு நூறு சரியா வர்ற கணக்குன்னு சொல்லமாட்டேன், ஆனா என் அனுபவத்துல பெரும்பாலும் ஏமாத்தாது.

உங்க நாலாவது போட்டோல யூ போல்ட் பிளேட்டுக்கு ஓரமா ஹவுசிங் சீட்டுல பளபளன்னு ஒரு தேய்ஞ்ச தடம் தெரியுது, சுத்தி எல்லாம் துரு, அந்த ஒரு கோடு மட்டும் மின்னுது. இரும்பு இரும்புல உரசாம அது வராது, அசைவு இருக்குன்னு அது உறுதியா சொல்லுது. யூ போல்ட்டும் பழசு மாதிரிதான் தெரியுது, மரையெல்லாம் துருவா இருக்கு, கழட்டினதையே திரும்ப மாட்டியிருக்காங்கன்னு நெனைக்கிறேன், இது ஊகம்தான், பட்டறைல கேட்டுக்கோங்க. யூ போல்ட்டு ஒரு தடவ இறுக்கும்போதே இழுபட்டு நீண்டுதான் பிடிக்குது, அதையே கழட்டி மறுபடி மாட்டினா அந்தப் பிடிப்பு அதே அளவுக்கு வரும்னு நம்ப முடியாது, அதனால பட்டை பிரிச்சா யூ போல்ட்டும் நட்டும் புதுசு போடணும். இன்னொண்ணு, புதுப் பட்டை மாட்டுன கொஞ்ச நாள்ல பட்டைக்கு நடுவுல இருக்கிற பெயிண்டு, துரு, பிசிறு எல்லாம் நசுங்கி கட்டு கொஞ்சம் ஒல்லியாகும், யூ போல்ட்டு தானா லூஸ் ஆயிரும். அதனாலதான் நான் எந்த வண்டியா இருந்தாலும் 100 கிலோமீட்டர்ல ஒரு தடவ, 500ல ஒரு தடவ திரும்பக் கொண்டாங்கன்னு சொல்லி அனுப்புவேன். உங்கள யாராவது அப்படி கூப்பிட்டாங்களா? நீங்க எழுதுனதுல இல்ல.

ரெண்டாவது தடவ 800 கிலோமீட்டர்லயே உடைஞ்சதுக்கு யூ போல்ட்டோட இன்னொரு காரணமும் சேந்திருக்கலாம். பட்டை கட்டுல எல்லாப் பட்டையும் ஒரே வளைவுல இருக்காது, கீழ போகப்போக சின்னப் பட்டைக்கு வளைவு கொஞ்சம் ஜாஸ்தி வச்சிருப்பாங்க. சேத்து இறுக்கும்போது கீழ்ப் பட்டைங்க மெயின் பட்டைய தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு முன்விசை வந்துரும், மெயின் பட்டைக்கு பாரம் குறையும். உங்க வண்டில கீழ்ப் பட்டைங்க எல்லாம் ஒம்பது பத்து வருஷம் சொமந்து சொமந்து நிமிந்து போயிருக்கும், அதுக்கு மேல ஒரே ஒரு புது மெயின் பட்டைய முழு வளைவோட வச்சா என்னாகும், பழசு அதத் தாங்காது, புதுசு தன் பங்குக்கு மேல தனியா சொமக்கும். வீட்ல கல்யாணப் பந்தல் தூக்கும்போது நாலு பேருல ஒருத்தன் மட்டும் நெட்டையா இருந்தா அவன் தோள்லதான் முழு பாரமும் உக்காரும், அதேதான். ஒத்தப் பட்டை மாத்தறது அவசரத்துக்கு ஊர் வந்து சேர சரி, நிரந்தர வேலையா அத நான் ஒத்துக்கமாட்டேன்.

ரிபவுண்டு கிளிப்பயும் பாருங்க. பட்டைங்கள ஒண்ணா கோத்து வச்சிருக்கிற அந்தப் பட்டி. வீலு பள்ளத்துல தொங்கும்போது மெயின் பட்டை கீழ இழுபடும், கிளிப்பு இருந்தாத்தான் மத்த பட்டையும் கூட வந்து உதவும், இல்லன்னா மெயின் பட்டை ஒண்டியா அந்த அடிய வாங்கும். வேலை முடிஞ்சு அவசரத்துல கிளிப்ப மடக்காம விட்டுட்டு அனுப்புன வண்டிங்க எத்தனையோ நான் பாத்திருக்கேன். உங்க ரெண்டாவது போட்டோல முன்பக்க கிளிப்பு வாய் தொறந்து நிக்கிற மாதிரி இருக்கு, நிழல் விழுந்ததால அடிச்சு சொல்ல முடியல, குனிஞ்சு கை வச்சுப் பாத்தா அஞ்சு செகண்டு வேலை. அப்படியே ஷாக் அப்சார்பரையும் பாத்துருங்க, ஆயில் வழிஞ்சு ஈரமா இருந்தா அது செத்துப்போச்சு, ஷாக் செத்தா பட்டை ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு மூணு தடவ கூடுதலா ஆடும்.

இப்ப வலது பக்கம் இழுக்கறது. இதுதான் என்ன உக்காந்து இவ்ளோ நீளமா எழுத வச்சது. இடது பக்க ஹவுசிங் கொஞ்சம் பின்னாடி நகந்திருந்தா பின் வீலு ரெண்டும் லேசா இடது பாத்து நிக்கும், பின் பக்கம் இடதுக்குத் தள்ளும், அப்ப வண்டி மூக்கு வலது பக்கம் போகும், நேரா போக நீங்க ஸ்டியரிங்க இடதுக்குப் பிடிச்சுக்கிட்டே ஓட்டணும். நீங்க சொல்றது அப்படியே பொருந்துது. மலை இறங்கும்போது பிரேக் அடிச்சு அடிச்சு வந்தா ஹவுசிங் பின்பக்கம்தான் இழுபடும், அதுவும் பொருந்துது. ஆனா பொருந்துதுங்கறதால அதுதான்னு முடிவு கட்டிறக் கூடாது, வலது முன் வீல்ல பிரேக் ஒட்டிப் பிடிச்சாலும் காத்து கம்மியா இருந்தாலும் இதே மாதிரி இழுக்கும். அதனால அளந்து பாருங்க. சமமான தரைல வண்டிய நிறுத்தி ஸ்டியரிங்க நேரா வச்சுக்கிட்டு, முன் வீல் ஹப் நடுப்புள்ளில இருந்து பின் வீல் ஹப் நடுப்புள்ளி வரைக்கும் டேப் பிடிங்க, ரெண்டு பக்கமும். உங்க வண்டிக்கு வீல்பேஸ் 2430 மில்லிமீட்டர், அது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். ரெண்டு மூணு மில்லிமீட்டர் வித்தியாசம் நம்ம கை அளவுல வரும், அத விடுங்க. இடது பக்கம் பத்து மில்லிமீட்டருக்கு மேல கூட வந்தா ஹவுசிங் நகந்திருக்கு, அதுக்கப்பறம் அந்த வண்டிய மெயின் ரோட்டுல எடுக்காதீங்க, டோ பண்ணித்தான் பட்டறைக்குப் போகணும். நகந்த ஹவுசிங் பிரேக் ஹோஸயும் ஹேண்ட்பிரேக் கேபிளயும் இழுத்துக்கிட்டு நிக்கும், எஞ்சின் சுத்த பின் ஹவுசிங்குக்கு கடத்துற புரொபெல்லர் ஷாஃப்ட்டோட நீண்டு சுருங்குற ஸ்லிப் ஜாயிண்டு வெளில வந்திருக்கும். பின் ஹவுசிங்ல இருந்து சேஸ்ல ஒரு வால்வுக்கு சின்னக் கம்பி போகுதான்னும் பாருங்க, இருந்தா அது லோடுக்குத் தகுந்த மாதிரி பின் பிரேக்க கூட்டிக் குறைக்கிற வால்வு, வண்டி உக்காந்தா லோடு ஏறியிருக்குன்னு தப்பா நெனச்சு பின் பிரேக்க கூட்டி விடும், ஈர ரோட்டுல பின் வீலு லாக் ஆகி வண்டி சுத்திரும்.

நைலான் கயிறு கட்டி இறங்கினது சரியான்னு தனியா கேட்டிருந்தீங்க. அந்த இடத்துல ஆளரவம் இல்லாம குழந்தைங்களோட நிக்கும்போது வேற என்ன செஞ்சிருப்பீங்க, குறை சொல்லல. ஆனா அடுத்த தடவ யாருக்காவது இப்படி ஆனா உதவட்டும்னு எழுதறேன். எல்லாரையும் இறக்கி விடுங்க, சாமான இறக்குங்க. ரெண்டு முன் வீலுக்கும் சரிவுப் பக்கம் பெரிய கல்லா வைங்க. கியர் போட்டாச்சு, வண்டி நகராதுன்னு நம்பாதீங்க, பின் வீல் ஒண்ண ஜாக்கில தூக்குன உடனே டிஃபரன்ஷியல் வழியா அந்த வீலு சுத்தும், கியர் பிடிப்பு போயிரும், அந்த வீல்ல இருந்த ஹேண்ட்பிரேக்கும் தரைல இல்ல. 4எல் போட்டு கியர்ல வச்சா முன் வீலும் சேந்து பிடிக்கும், முன் ஹப் லாக் ஆகலன்னா அதுவும் இல்ல, அதனால கல்லுதான் முதல் காவல். ஜாக்கிய ஹவுசிங்குக்கு கீழ குடுக்காம சேஸுக்கு கீழ குடுங்க, அப்பத்தான் பட்டைல இருக்கிற பாரம் எறங்கும். ஜாக்கில நிக்கிற வண்டிக்கு அடில எக்காரணம் கொண்டும் படுக்காதீங்க, ஸ்டெப்னிய கழட்டி சேஸுக்கு அடில படுக்கப் போட்டுட்டு கைய மட்டும் விட்டு வேலை செய்யுங்க.

ஹவுசிங்குக்கும் சேஸுக்கும் நடுவுல, பம்ப் ஸ்டாப்பர் இடிக்கிற இடத்துல, ஒரு நல்ல கட்டைய வச்சுக் கட்டுனா வண்டி டயர்ல இடிக்காம நிக்கும். அது பாரத்துக்கு. பின்னாடி நகராம இருக்கறதுக்கு ஹவுசிங்ல இருந்து முன் பிராக்கெட்டுக்கு சங்கிலியோ, லாரில தார்ப்பாய் கட்டுற ராட்செட் பட்டையோ போட்டு விறைப்பா இழுத்துக் கட்டணும், பிரேக் ஹோஸ் அதுல மாட்டாம பாத்துக்கணும். நைலான் கயிறு இழுத்தா நீளும், முதல் பிரேக்குக்கே ரெண்டு இஞ்ச் விட்டுக் குடுத்துரும், உங்களுக்கு நகந்திருந்தா அங்கதான் நகந்திருக்கணும்னு தோணுது. அப்பறம் டிரைவர் மட்டும் உள்ள, 4எல் ஃபர்ஸ்ட் கியர்ல நடை வேகத்துல எறக்குங்க, எஞ்சின் பிடிப்பு நாலு வீலுக்கும் பிரியும், பின் ஹவுசிங் மேல மட்டும் விழாது. தார் ரோடு வந்ததும் 4எல்ல எடுத்துட்டு ஓரமா நிறுத்தி வேற வண்டி கூப்பிடுங்க. சங்கிலி கட்டுனத நம்பி வீடு வரைக்கும் வராதீங்க.

பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி என் தப்பு ஒண்ண சொல்லணும், அதுல இருந்துதான் நான் இந்த வேலைய ஒழுங்கா கத்துக்கிட்டேன். பல வருஷம் முன்னாடி ஒரு எஸ்டேட் ஜீப்பு, கொழுந்து மூட்டையும் ஆளும் ஏத்துற வண்டி, ஒரே பக்கம் பட்டை உடைஞ்சு வந்துச்சு. முழு செட்டும் மாத்தி, யூ போல்ட்டு புதுசு போட்டு, எல்லாம் சரியா செஞ்சு அனுப்புனேன். ரெண்டு மாசத்துல மறுபடி அதே பக்கம். மறுபடி மாத்துனேன். மூணாவது தடவ அந்த டிரைவர் ஒரு வார்த்த கோவமா பேசல, சும்மா ஓரமா உக்காந்திருந்தாரு, ஒரு நாள் வண்டி நின்னா அவருக்கு அன்னைக்கு சம்பளம் இல்ல. அந்த முகத்தப் பாக்க முடியாம பட்டை கட்ட மொத்தமா இறக்கி, முன் பிராக்கெட்ட கம்பி பிரஷ் போட்டு டீசல்ல கழுவி, மண்ணெண்ணெய் தடவி அஞ்சு நிமிஷம் விட்டு, துணியால நல்லா துடைச்சுட்டு சாக்பீஸ் பொடிய தூவிப் பாத்தேன். வெள்ளைப் பொடில முடி மாதிரி ஒரு ஈரக்கோடு வந்து நின்னுச்சு. விரிசல். பாரம் ஏறும்போது மட்டும் வாய் தொறந்து பிராக்கெட்டு சாஞ்சிருக்கு, பட்டை முறுக்கி முறுக்கி உடைஞ்சிருக்கு. முதல் நாளே பாத்திருந்தா அந்த மனுஷனுக்கு அத்தன நாள் கூலி போயிருக்காது. அதுல இருந்து பட்டை உடைஞ்ச எந்த வண்டியா இருந்தாலும் பிராக்கெட்டு, ஷேக்கிள் தொங்குற இடம், ஹவுசிங் சீட்டு மூணையும் கழுவி பொடி போடாம மாட்டறதில்ல. உங்களுதுலயும் அத செய்யச் சொல்லுங்க, நீங்க கூட நின்னு பாருங்க. பொடில வராத விரிசலும் இருக்கலாம், அதுக்கு டை பெனட்ரண்ட்னு சிவப்புச் சாயம் போட்டுப் பாக்கற முறை இருக்கு, நல்ல வெல்டிங் கடைங்கள்ல கெடைக்கும்.

ஆக, என்ன செய்யணும்னா, ரெண்டு பக்கமும் முழு பட்டை செட்டு புதுசு, நாலு யூ போல்ட்டும் நட்டும் புதுசு, சென்டர் போல்ட் ரெண்டு, புஷ்ஷு எல்லாம், ஷாக் ரெண்டும் ஒழுகுதுன்னா ஷாக்கும். ஒரு பக்கம் மட்டும் மாத்துனா வண்டி சாஞ்சு நிக்கும், இன்னொரு பக்கம் அடுத்து வரிசைல நிக்கும். ஹவுசிங் சீட்டுல சென்டர் போல்ட் தலை உக்கார்ற குழி முட்டை வடிவத்துல தேஞ்சிருந்தா அத சரி பண்ணாம மேல எதுவும் மாட்ட விடாதீங்க. யூ போல்ட்ட குறுக்கும் நெடுக்குமா மாத்தி மாத்தி நாலஞ்சு சுத்துல ஏத்தி, கம்பெனி மேனுவல்ல இருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சு வச்சு இறுக்கணும். ஷேக்கிள், பிராக்கெட் நட்டுங்கள வண்டி நாலு வீல்லயும் நிக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்கணும், தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் புஷ்ஷு முறுக்கிக்கிட்டே வாழும், சீக்கிரம் கிழியும்.

பழைய பட்டைய அடிச்சு வளைச்சுத் தர்றேன்னு சொல்லுவாங்க. லாரிக்கு நாங்களே செஞ்சிருக்கோம், கொஞ்ச நாள் நிக்கும், திரும்ப உக்காந்துரும், களைச்சுப்போன இரும்புக்கு வளைவக் குடுக்கலாம், ஆயுசக் குடுக்க முடியாது. உலைல காய்ச்சி வளைச்சா இன்னும் மோசம், மறுபடி ஆயில்ல முக்கி பதம் வைக்காம விட்டா வெறும் இரும்புதான். பட்டைய வெல்டு வைக்கிறேன்னு யாராவது சொன்னா சாவிய வாங்கிக்கிட்டு வந்துருங்க. ஸ்பிரிங் ஸ்டீல்ல கார்பன் ஜாஸ்தி, வெல்டு சூட்டுக்கு ஒட்டுன இடம் கண்ணாடி மாதிரி ஆயிரும், அதுக்குப் பக்கத்துல பதம் போயி மெத்துன்னு ஆயிரும், ரெண்டுக்கும் நடுவுல கண்டிப்பா உடையும், எப்பங்கறது மட்டும்தான் கேள்வி.

லிஃப்ட் கிட் இப்ப வேண்டாம் தம்பி. உங்க பிரச்சன ஒசரம் இல்ல, பிடிப்பு. தடி பட்டையா போட்டா தாங்கும்னு நெனைப்பீங்க, ஆனா பட்டையோட விறைப்பு தடிமனோட க்யூப் கணக்குல, அதாவது தடிமன தன்னோடயே மூணு தடவ பெருக்குற கணக்குல ஏறும், 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதிலா 7 போட்டா அந்தப் பட்டை மட்டும் கிட்டத்தட்ட 60 சதவீதம் விறைப்பாயிரும். அந்த அடி எங்கயும் காணாமப் போகாது, பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் போகும், பின் சீட்ல உக்கார்ற உங்க அம்மா முதுகுக்கும் போகும். ஷேக்கிள நீளமாக்கறதும் அப்படித்தான், ரெண்டு இஞ்ச் நீட்டுனா வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும், ஆனா ஹவுசிங் மூக்கு திரும்பி புரொபெல்லர் ஷாஃப்ட்டு கிராஸ் கோணம் மாறி ஆட ஆரம்பிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது, நாளைக்கு ஒரு இன்சூரன்ஸ் கிளைம்ல அது உங்க பக்கம் நிக்காது. அதுக்குப் பதிலா அந்த மேல் கேரியர் பாரத்தக் குறைங்க, கனமான சாமான ஹவுசிங்குக்குப் பின்னாடி தொங்கவிடாம முன் சீட்டுக்குப் பின்னாடி தரைல வைங்க. பணம் செலவில்லாத வைத்தியம் அது.

உங்க ஃப்ரெண்டு 2020க்கு அப்பறம் வந்த புது தார் வச்சிருக்காரு, அவருக்கும் இப்படி ஆகுமான்னு கேட்டிருந்தீங்க. அதுல பின்னாடி பட்டை கெடையாது, காயில் ஸ்பிரிங்கும் தனித்தனி லிங்க் ராடும். பாரம் தாங்கறது காயில், ஹவுசிங்கப் பிடிக்கிறது லிங்க், வேலை பிரிஞ்சிருச்சு. அதனால காயில் உடைஞ்சா வண்டி உக்காரும், ஹவுசிங் இடத்துல இருக்கும். அவரு பாக்க வேண்டியது லிங்க் புஷ்ஷும் அது சேர்ற பிராக்கெட் வெல்டும், கிளட்ச் விடும்போது பின்னாடி டொக்குனு ஒரு சத்தம் வந்தா அங்க ஆரம்பிக்கச் சொல்லுங்க.

எந்தக் கம்பெனி பட்டைன்னா, வண்டி கம்பெனியோட ஒரிஜினல் பார்ட் நம்பர் பாத்து வாங்குங்க, அவ்வளவுதான். இன்னைக்கு முதல்ல டேப் பிடிச்சு ரெண்டு பக்க அளவையும் இங்க போடுங்க, கூடவே இடது முன் பிராக்கெட்ட சேறு கழுவிட்டு டார்ச் அடிச்சு கிட்டக்க ஒரு போட்டோ, கிளிப்பு ரெண்டுக்கும் ஒண்ணு. ரெண்டாவது தடவ உடைஞ்ச பட்டைத் துண்டு பட்டறைல இருந்தா இரும்புக்கடைக்குப் போறதுக்குள்ள வாங்கி வச்சிருங்க, அதோட முகத்தையும் பாக்கணும், அதுல பழுப்பே இல்லாம முழுசும் மின்னுச்சுன்னா நான் சொன்ன கணக்கு கொஞ்சம் மாறும், பட்டையோட பதத்தையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.